பாதி கோத்த சரம்

ஜூன் மாதத்தில் எங்கள் தெருவில் யார் பேசுகிறார்கள், யார் பேசவில்லை என்று ஒருவரும் கவனிப்பதில்லை. வெளிச்சம் வருமுன் புகையிலைக் காட்டில் இலை ஒடிக்க வேண்டும். வெயில் ஏறியதும் ஒடித்த இலையைக் கொட்டகையில் குவித்துச் சுற்றி உட்கார்ந்து கோக்க வேண்டும். ஊசி என்றால் துணி தைக்கிற ஊசி இல்லை. முழங்கையிலிருந்து விரல் நுனிவரை நீளம், தட்டையான இரும்பு, முனை மட்டும் ஈட்டி. அதைத் தொடையில் சாய்த்து வைத்து ஒவ்வொரு இலையாகக் காம்பில் குத்தி ஏற்ற வேண்டும். ஊசி நிறைந்ததும் பின்னால் கோத்த நூலுக்குத் தள்ளிவிட வேண்டும், அதுதான் சரம். கையெல்லாம் கறுப்புப் பிசின். அந்தக் கையால் பார்லி ரொட்டியைத் தொட்டால் ரொட்டியும் கசக்கும்.

கொட்டகை தொனாத்தா அத்தையுடையது. அவள் மருமகள் செசாரியா எனக்கு இடது பக்கம் உட்காருவாள். பத்தொன்பது வயது. நான் மூன்றாம் வகுப்போடு நின்று கோக்க வந்தபோது ஊசி பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவள் அவள்தான். ஓட்டை விழுந்த இலை ஒன்றைத் தூக்கிப் பிடித்து, "பாருடி, முன்னால பச்சை, பின்னால ஓட்டை. எம் புருசன் கால்சட்டை மாதிரியே இருக்கு" என்பாள். கொட்டகையே சிரிக்கும். தொனாத்தா அத்தை சிரிப்பை அடக்கிக்கொண்டு, "தைக்க வேண்டியவ நீதானேடி" என்பாள்.

ஏப்ரலில் செசாரியாவுக்கு ஐந்து மாதக் கரு கலைந்தது. தண்ணீர்த் தொட்டிப் படியில் வழுக்கி விழுந்தாள் என்று வீட்டில் சொன்னார்கள். ஊரும் அதையே திருப்பிச் சொன்னது. அந்தப் படியில் எங்கள் தெருவில் வேறு யாரும் அதுவரை வழுக்கியதில்லை. அதன் பிறகு அவள் வேடிக்கை பேசுவது குறைந்தது.

அவள் புருசன் பந்தலேயோ கல் வெட்டுகிறவன். குழிக்குள் இறங்கி மஞ்சள் கல்லைக் கோடரியால் செங்கல் செங்கலாக வெட்டி எடுப்பவனின் கை எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. தெருவில் எல்லோரிடமும் சிரித்துப் பேசுவான். கழுத்தில் எப்போதும் சிவப்புக் கைக்குட்டை.

அந்தப் புதன்கிழமை மதியம் அவன் குழியிலிருந்து நேராகக் கொட்டகைக்கு வந்தான். உடம்பு முழுக்கக் கல் தூள். கையில் சாப்பாட்டுச் சட்டி.

"இது என்னது?"

"மொச்சைக் கூழ்" என்றாள் செசாரியா.

"கீரை எங்க?"

"கீரை காஞ்சுபோச்சு. இந்த வெயில்ல எங்க போயி..."

அவன் சட்டியை அவள் மடியில் கவிழ்த்தான். பின்னலைப் பிடித்துத் தூக்கினான். சரம் காயப்போடும் மரச்சட்டத்தின் மேல் அவளைச் சாய்த்து அடித்தான். மூன்று அடி. மூச்சு வாங்கினான். பிறகு ஒரு அடி. அவன் அடிப்பது எப்போதும் அப்படித்தான். கோடரி போடுவதும் அப்படித்தான் என்று குழியில் வேலை செய்பவர்கள் சொல்வார்கள்: மூன்று, நிறுத்தம், ஒன்று. சட்டம் உடைந்து ஒரு சிம்பு அவள் காதோரம் கிழித்தது. நாங்கள் ஒன்பது பேர் உட்கார்ந்திருந்தோம். யாரும் ஊசியைக் கீழே வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.

அவன் போன பிறகு செசாரியா வந்து தன் இடத்தில் உட்கார்ந்தாள். மடியில் ஒட்டிய கூழைத் துடைக்கவில்லை. ஊசியில் ஒரு இலை ஏற்றினாள். இன்னொன்று ஏற்றினாள். மூன்றாவது இலையைக் கையில் பிடித்தபடி உறைந்துபோனாள். கை அப்படியே நின்றது, கண் அப்படியே நின்றது. பிறகு இலைக் குவியலின் மேல் மெல்லச் சாய்ந்தாள்.

"செசாரியா! அடியே, எந்திரிடி!" தொனாத்தா அத்தை அவள் கன்னத்தைத் தட்டினாள். தண்ணீர் தெளித்தாள். கண் திறந்துதான் இருந்தது. வாய் மட்டும் திறக்கவில்லை.

மறுநாள் டாக்டர் வந்தார். அவள் கண்ணுக்கு முன்னால் விரலை ஆட்டினார். உள்ளங்காலில் ஊசியால் குத்தினார். ரத்தம் வந்தது, கால் நகரவில்லை.

"நேத்துலேர்ந்து தண்ணிகூட இறங்கலன்னா இது வீட்டுல வச்சுப் பாக்கற கேஸ் இல்லம்மா. திங்கக்கிழமை பட்டணத்து வண்டி வருது. பைத்திய ஆஸ்பத்திரியில சேத்துடுங்க."

"எப்பத் திரும்பி வருவா, டாக்டரய்யா?" என்றாள் தொனாத்தா அத்தை.

அவர் பெட்டியை மூடினார். "இந்தத் தெருவுலேர்ந்து முன்னால போனவங்க யாராவது திரும்பி வந்திருக்காங்களா?"

யாரும் வரவில்லை. அது எல்லோருக்கும் தெரியும்.

பந்தலேயோ வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். "போகட்டும்மா. அங்க நல்லாப் பாத்துக்குவாங்க" என்றான்.

தொனாத்தா அத்தை மகனை ஏறிட்டுப் பார்க்கவில்லை. செசாரியாவின் காலைத் தூக்கிக் கணுக்காலைத் தடவினாள். இலை ஒடிக்கும்போது முள் கீறின தடம் ஒன்று இருந்தது. "இது முள்ளு இல்ல. தரந்தா கடி. சிலந்தி கடிச்சிருக்கு. எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு, இவ வயசுல. மேளம் வாசிச்சு ஆட வச்சாத்தான் விஷம் இறங்கும். பிடில்கார ஒரோன்சோவைக் கூப்பிடறேன்."

"இந்தக் காலத்துல போயி மேளம் தாளம்னு..."

"உங்கப்பன் உயிரோட இருந்தப்ப எனக்கு மூணு தடவை கடிச்சுது பந்தலேயோ. அப்ப நீ தொட்டில்ல கெடந்த. உனக்குத் தெரியாது. நீ போயி கல்லு வெட்டு."

வீட்டு முன்னறையை நாங்கள்தான் ஒழித்தோம். மேசையை வெளியே போட்டோம். நடுவில் வெள்ளை விரிப்பு. நாலு மூலையிலும் கல். விரிப்பில் செசாரியாவைக் கிடத்தினார்கள். பக்கத்தில் துளசியும் ஒரு வாளித் தண்ணீரும். பெட்டியின் அடியிலிருந்து தொனாத்தா அத்தை தன் பழைய ரிப்பன்களை எடுத்தாள். சிவப்பு, பச்சை, மஞ்சள், நீலம். அந்தச் சிலந்திக்கு எந்த நிறம் பிடிக்கும், எது பிடிக்காது என்று ஆடும்போதுதான் தெரியும்.

"இரும்பு எதுவும் இங்க இருக்கக் கூடாது. குட்டி, கோக்கற ஊசியெல்லாம் எடுத்துட்டுப் போயி கொட்டகையில வை" என்று என்னிடம் சொன்னாள்.

வீட்டுக்குள் கிடந்தது ஆறு ஊசி. ஐந்தை எடுத்துக்கொண்டேன். ஆறாவது, செசாரியா பாதி கோத்துவிட்டு நிறுத்திய சரத்தில் இருந்தது. சரத்தை யாரோ கொட்டகையிலிருந்து கொண்டுவந்து அறைக் கதவோரத்து ஆணியில் மாட்டியிருந்தார்கள். ஊசி நிறையுமுன் உருவினால் இலை அத்தனையும் சரிந்துவிடும். கோத்தவளுக்கு அது ஆகாது என்பார்கள்.

"அத்தை, இதுல ஒண்ணு இருக்கு. உருவட்டா?"

அவள் சரத்தைப் பார்த்தாள். வாடிச் சுருண்ட இலைகள். அதற்குள் ஊசியின் முனை மட்டும் வெளியே தெரிந்தது. பிறகு விரிப்பில் கிடந்தவளைப் பார்த்தாள்.

"உருவாதே. அவ கோத்தது. அது பாட்டுக்கு இருக்கட்டும்."

வெள்ளிக்கிழமை காலை வாசிக்க வந்தார்கள். ஒரோன்சோ நாவிதர். காலையில் சவரம், மத்தியானம் பல் பிடுங்குதல், ஜூன் மாதத்தில் பிடில். தலைக்கு எண்ணெய் போட்டு வழித்து வாரியிருப்பார். அவர் மச்சான் உச்சோ அக்கார்டியன். கஞ்சிரா வாசிப்பது கொன்சீலியா அக்கா. சல்லடை அகலத்துக்குப் பெரிய கஞ்சிரா, ஆட்டுத்தோல், ஓரம் முழுக்கத் தகரச் சலங்கை. கொன்சீலியா அக்கா ஒலிவக்காய் மூட்டை தூக்குகிறவள். உள்ளங்கை ஆண்பிள்ளை கை. தொனாத்தா அத்தை வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்.

ஒரோன்சோ வாசலில் கூடியிருந்தவர்களிடம் சொன்னார். "விரிப்பை யாரும் மிதிக்கக் கூடாது. அது அவ எடம். மிதிச்சவன் சிலந்திக்குச் சொந்தம், அப்புறம் நான் பொறுப்பில்ல. சிவப்பு கட்டியிருக்கறவங்க கழட்டிட்டு நில்லுங்க. எது மேல பாயும்னு சொல்ல முடியாது. முக்கியமா, அவ ஆட ஆரம்பிச்சுட்டா விழற வரைக்கும் வாசிப்பு நிக்கக் கூடாது."

பந்தலேயோ தன் கைக்குட்டையை இழுத்துக் காட்டினான். "இதைக் கண்டா உங்க சிலந்தி பயந்து ஓடிருமா அண்ணே?"

"உன் தலையைக் கண்டாலே ஓடும். கழட்டுடா."

அவன் சிரித்தான். கழற்றவில்லை.

அன்று முழுவதும் வாசித்தார்கள். வேகமான மெட்டு, சோக மெட்டு, கல்யாண மெட்டு. ஒவ்வொரு மெட்டுக்கும் ஒரோன்சோ குனிந்து அவள் விரலைப் பார்ப்பார். முதலில் அசைவது விரல்தான். அது அசையவில்லை. சனிக்கிழமையும் அப்படியே. ஈரத்தை வாரிக்கொண்டு தெற்குக் காற்று வீசியது. பிடில் கம்பி இரண்டு தடவை அறுந்தது. தொனாத்தா அத்தை எங்களுக்கு ரொட்டியைத் தண்ணீரில் நனைத்துத் தக்காளி பிழிந்து கொடுத்தாள். ஈரத்துணியை மட்டும் செசாரியாவின் உதட்டில் வைத்தாள்.

"ஊமைச் சிலந்தி" என்றார் ஒரோன்சோ, வியர்வையைத் துடைத்துக்கொண்டு. "எனக்குத் தெரிஞ்ச பன்னெண்டு மெட்டும் முடிஞ்சுபோச்சு அத்தை. நாளைக்கு ஒரு நாள்தான் இருக்கு."

"வாசி. உனக்குத் தெரியாததையும் வாசி" என்றாள் தொனாத்தா அத்தை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பாதித் தெரு வாசலில் நின்றது. பத்து மணிக்கெல்லாம் செசாரியாவின் மூச்சு அறையில் கேட்கிற அளவுக்கு வறண்டுபோயிருந்தது. உச்சோ பெட்டியை மூடிவிட்டுப் புகை பிடிக்கப் போனான். பிடிலைத் தாடைக்குக் கீழே வைத்தபடியே ஒரோன்சோ கண்ணை மூடிக்கொண்டார்.

வாசிக்கிறவர்களில் கொன்சீலியா அக்கா மட்டும் மிச்சம் இருந்தாள். கஞ்சிராவை மடியில் போட்டு வெறுமனே தடவிக்கொண்டிருந்தாள். பிறகு சலங்கையை இடது கையால் அமுக்கிப் பிடித்தாள். சத்தம் வராமல் இருக்க. வலது உள்ளங்கையால் தோலின் நடுவில் அடித்தாள்.

தொப். தொப். தொப்.

நிறுத்தினாள்.

தொப்.

ஒரோன்சோ கண்ணைத் திறந்தார். "என்ன தாளம் அது? ஆடறதுக்கா அது?"

"இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் படுத்துக்கிட்டு ரெண்டு வருசமா கேக்கறேன் ஒரோன்சோ. எனக்கு நல்லாவே மனப்பாடம்."

மறுபடியும் அடித்தாள். மூன்று, நிறுத்தம், ஒன்று. வாசலில் பேச்சு நின்றது. எல்லோருக்கும் தெரிந்த சத்தம் அது. அதைக் கேட்டதாக யாரும் இதுவரை ஒருவர் முன்னால் ஒருவர் ஒத்துக்கொண்டதில்லை.

செசாரியாவின் வலது கைச் சுண்டுவிரல் விரிப்பைச் சுரண்டியது.

"அசையுது! அக்கா, அசையுது!" நான்தான் கத்தினேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

அப்போது பந்தலேயோ கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தான். முகம் வெளுத்திருந்தது. "நிறுத்துடி. கொன்சீலியா, நிறுத்துன்னு சொல்றேன்!"

"ஏன், நல்லா இல்லையா? உன் பாட்டுதானே?"

அவளுக்கும் அவனுக்கும் நடுவில் விரிப்பு. சுற்றிப் போக இடம் இருந்தது. அவன் சுற்றிப் போகவில்லை. பூட்ஸ் காலோடு வெள்ளை விரிப்பை மிதித்துக் கஞ்சிராவைப் பிடுங்கக் குனிந்தான். கழுத்திலிருந்த சிவப்புக் கைக்குட்டை செசாரியாவின் முகத்துக்கு மேலே தொங்கியது.

அவள் அதைப் பிடித்தாள்.

நாலு நாள் சோறு தண்ணி இல்லாதவள். ஒரே இழுப்பில் அவனை மண்டியிட வைத்தாள். முடிச்சு கழுத்தை இறுக்க அவன் வாய் திறந்தது. அவள் எழுந்தாள். முழங்காலால் அவன் முகத்தில் இடித்தாள். மூக்கு உடைந்த சத்தம் பின்னால் நின்ற எனக்குக் கேட்டது. கொன்சீலியா அக்கா அடிப்பதை நிறுத்தவில்லை. தொப் தொப் தொப். செசாரியாவின் கைமுட்டி அதே தாளத்தில் இறங்கியது. மூன்று. மூச்சு. ஒன்று. அந்த ஒன்று எப்போது வரும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. அது வருமுன்னே கண்ணை மூடிக்கொண்டான்.

அவன் கையை ஓங்கினான். வாசலில் ஆண்கள் எல்லோரும் சேர்ந்து கத்தினார்கள்: "தொடாதேடா! கடிபட்டவ பவுல் சாமி காவல்ல இருக்கா, அடிச்சா விடமாட்டாரு!" ஓங்கிய கை அந்தரத்தில் நின்றது. அவள் அதைப் பிடித்து முன்கையைக் கடித்தாள். சதை பிய்ந்தது.

அவன் சித்தப்பா ஒருவர் உள்ளே வரக் காலெடுத்தார். தொனாத்தா அத்தை வாசலின் இரண்டு பக்கமும் கையை விரித்து நின்றாள்.

"யாரும் வரக் கூடாது."

"உன் பிள்ளையைக் கொன்னுருவா!"

"விரிப்பை மிதிச்சது அவன். அடிக்கிறது அவ இல்ல, சிலந்தி. சிலந்திக்கிட்ட நான் என்ன பேச?"  கண்ணீர் தாடையில் ஓடியது. கை மட்டும் இறங்கவில்லை.

பந்தலேயோ ரத்தத்தில் வழுக்கி வழுக்கித் தவழ்ந்து கதவோரம் வந்தான். எழுந்து நிற்க வலது கையால் கதவு நிலையைப் பிடித்தான். அவன் தலைக்கு மேலே ஆணியில் பாதி கோத்த சரம் தொங்கியது. செசாரியா அதை இழுத்தாள். இலைகள் சரிந்து அவன் தலையிலும் தோளிலும் விழுந்தன. அவள் கையில் ஊசி மட்டும் இருந்தது.

இலைக் காம்பில் குத்துகிற அதே கைவாகுதான். புறங்கையின் நடுவில் வைத்து அழுத்தினாள். ஊசி கையைத் தாண்டி நிலையின் மரத்துக்குள் இறங்கியது.

அவன் போட்ட சத்தத்தில் வெளியே கட்டியிருந்த கோவேறு கழுதை கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது.

"வாசி!" என்று கொன்சீலியா அக்கா கத்தினாள். "வாசி ஒரோன்சோ! இப்ப நிறுத்தினா அவ செத்துப்போவா!" சலங்கையிலிருந்து கையை எடுத்துவிட்டாள். கஞ்சிரா முழுச் சத்தத்தோடு எழுந்தது. ஒரோன்சோ பிடில் கம்பியில் வில்லை வைத்தார். உச்சோ ஓடிவந்தான். தாளம் மாறியது. மூன்று ஒன்று என்பது உடைந்து, சிதறி, வேகம் பிடித்தது. செசாரியா சுவரிலிருந்து சுவர் வரை ஓடினாள். தலையை ஆட்டினாள், காலை உதைத்தாள். விரிப்பில் தன் புருசன் ரத்தத்தை மிதித்து ஆடினாள். கொன்சீலியா அக்காவின் விரல் முட்டிகள் கிழிந்து கஞ்சிராத் தோலில் சிவப்பாகக் கோடு கோடாக ஓடியது. அவள் கை மாற்றவில்லை.

தொனாத்தா அத்தைதான் ஊசியை உருவினாள். மகனை வெளியே இழுத்துப்போட்டுக் கையில் வைனை ஊற்றிக் கட்டினாள். அவன், "அம்மா, அவளை நிறுத்தச் சொல்லு" என்றான். அவள் கட்டை இறுக்கினாள்.

"அழாதே. இலை கோக்கறப்ப எல்லாருக்கும் குத்துறதுதான்."

நாலு மணி வரை ஆடினாள் செசாரியா. நடுவில் அழுதாள். ஒரு தடவை வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உருண்டு ஊளையிட்டாள். அப்போது கொட்டகைப் பெண்கள் எல்லோரும் அழுதோம். ஏப்ரலில் அழாததையும் சேர்த்து அழுதோம். கடைசியில் வாளித் தண்ணீரைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு விரிப்பில் மல்லாந்தாள். மார்பு ஏறி இறங்கியது.

ஒரோன்சோ வில்லை எடுத்துவிட்டு வழக்கப்படி கேட்டார். "மகளே, பவுல் சாமி கிருபை குடுத்துட்டாரா?"

அவள் உதட்டை நக்கினாள். நாலு நாளுக்குப் பிறகு வந்த குரல் கரகரப்பாக இருந்தது.

"இந்த வருசத்துக்குக் குடுத்துட்டாரு."

திங்கட்கிழமை பட்டணத்து வண்டியோடு டாக்டர் வந்தபோது செசாரியா கொட்டகையில் உட்கார்ந்து சரிந்த இலைகளைப் பொறுக்கிக் கோத்துக்கொண்டிருந்தாள். டாக்டர் அவளைப் பார்த்தார். வண்டியைத் திருப்பி அனுப்பினார். பிறகு மூலையில் வீங்கிய மூக்கோடு உட்கார்ந்திருந்த பந்தலேயோவைப் பார்த்தார். கைக்கட்டை அவிழ்த்தார்.

"நரம்பு அறுந்திருக்கு. இந்த விரல் மூணும் இனிமே மடங்காது. எப்படி ஆச்சு?"

பந்தலேயோ தரையைப் பார்த்தான். நாங்கள் ஒன்பது பேரும் ஊசியைப் பார்த்தோம்.

"சிலந்தி கடிச்சிருச்சு" என்றான்.

அதன் பிறகு கோடரி பிடிக்க அவனால் முடியவில்லை. வெட்டிய கல்லை வண்டியில் ஏற்றுகிற வேலைக்கு மாறினான். சாப்பாடு இடது கையால். சிவப்புக் கைக்குட்டை கட்டுவதில்லை. கோபம் இல்லாமல் போகவில்லை. பிப்ரவரியில் ஒரு நாள், உப்பு போதவில்லை என்று இடது கையை ஓங்கினான். நான் அடுப்பங்கரையில் எண்ணெய் கடன் கேட்டு நின்றுகொண்டிருந்தேன். செசாரியா விலகவில்லை. குனிந்து, தன் கணுக்காலை மெதுவாகச் சொறிந்தாள்.

ஓங்கிய கை தானாகவே இறங்கி உப்புச் சிமிழை எடுத்தது.

மறு வருசம் ஜூன் வந்தது. கொட்டகையில் பழையபடி வேடிக்கைப் பேச்சு வந்திருந்தது. ஒரு மதியம் செசாரியா பேச்சை நிறுத்தினாள்.

"அத்தை, கால்ல சுருக்குன்னு ஏதோ குத்துச்சு."

பந்தலேயோ கதவோரம் உட்கார்ந்து கூழ் குடித்துக்கொண்டிருந்தான். கரண்டி சட்டிக்குள் விழுந்தது. யாரும் அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவன் எழுந்து வீட்டுக்குள் போனான். மேசையை வெளியே இழுக்கும் சத்தம் கேட்டது. வெள்ளை விரிப்பைத் தானே உதறி விரித்தான். மடங்காத மூன்று விரலாலும் மூலை மூலையாக நீவிவிட்டான். பிறகு அந்த வெயிலில், தலையில் துணிகூட இல்லாமல், ஒரோன்சோ கடைக்கு நடந்தான்.

கொன்சீலியா அக்கா தன் கஞ்சிராவை வெயிலில் காட்டித் தோலைச் சூடேற்றினாள். பழைய ரத்தக் கோடுகள் பழுப்பாக இன்னும் இருந்தன. குனிந்து செசாரியாவின் காதோரம் கேட்டாள். "அடியே, நிஜமாவே கடிச்சுதா?"

செசாரியா ஊசியில் இன்னொரு இலையை ஏற்றினாள். "ஆடணும்போல இருக்குக்கா. வேகமா ஏதாவது வாசி. போன வருசத்துத் தாளம் மட்டும் வேண்டாம்."

பிறகு கையிலிருந்த சரத்தை என்னிடம் நீட்டினாள். பாதிதான் நிறைந்திருந்தது.

"இதைக் கொண்டுபோயி அந்த ஆணியில மாட்டு குட்டி."

"ஊசியை உருவட்டா?"

"எதுக்கு? இலை சரிஞ்சிடும்."

நான் மாட்டிவிட்டுத் திரும்பியபோது ஒரோன்சோ பிடிலோடு வந்துகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் பந்தலேயோ. வாசலுக்கு நாலடி முன்னாலேயே அவன் நின்றுவிட்டான். பூட்ஸைக் கழற்றித் தள்ளி வைத்தான்.

"உள்ள வாடா, வெயில்ல ஏன் நிக்கற?" என்றார் ஒரோன்சோ.

அவன் நிலையில் இருந்த துளையைப் பார்த்தான். அதற்கு மேலே தொங்கிய சரத்தைப் பார்த்தான்.

"இல்லண்ணே, நீங்க வாசிங்க. நான் இங்கயே நிக்கறேன்."

கஞ்சிரா தொடங்கியது.